துருவத்தில் வெப்பமானி பார்த்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவப் பயணம் என்றதும் தென் துருவத்துக்குப் போட்டியிட்ட ஸ்காட், அமுண்ட்சென், நாய் வண்டி, பனியில் நட்ட கொடி இவைதான் நினைவுக்கு வரும். அதே ஆட்கள் நாள் தவறாமல் காற்றழுத்தமும் வெப்பநிலையும் பார்த்து எழுதி வைத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1870-களிலிருந்து முதல் உலகப்போர் வரை எழுதப்பட்ட அந்த வானிலைப் பதிவுகளைப் பற்றி எழக்கூடிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருவத்தை முதலில் தொட்டவர் யார் என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நள்ளிரவில் விளக்கை எடுத்துக்கொண்டு வெப்பமானி பார்க்க வெளியே போனவர்கள் மேல்தான் எனக்கு மரியாதை.

துருவத்துக்குப் போனவர்கள் ஏன் வானிலையை அளந்தார்கள்?

முதல் காரணம் பழக்கம். கப்பலில் குறிப்பேடு எழுதுவது கடற்படையின் அன்றாட வேலை. காற்றின் திசை, காற்றழுத்தம், வானத்தின் நிலை எல்லாம் அதில் ஏறும். கப்பல் பனியில் மாட்டிக்கொண்ட பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

இரண்டாவது காரணம் தந்தி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தந்தி வந்த பிறகு, ஒரே நேரத்தில் பல ஊர்களின் வானிலையைச் சேகரித்து ஒரே வரைபடத்தில் போட முடிந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது வேகமாகப் பரவியது. ஆனால் அந்த வரைபடங்களின் மேல்பகுதி வெறுமையாக இருந்தது. குளிர் அலை வடக்கிலிருந்துதான் இறங்குகிறது என்று தெரியும், அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெற்கே நிலைமை இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவுக்கும் தென் அமெரிக்காவின் தெற்கு நுனியான ஹார்ன் முனைக்கும் நடுவே ஓடிய பாய்மரக் கப்பல்களைப் புரட்டிப்போட்ட புயல்களுக்குப் பின்னால் அண்டார்க்டிகா என்ற ஒரு கண்டமே அளக்கப்படாமல் கிடந்தது.

முறையான பதிவுகள் எப்போது தொடங்கின?

அளவீடுகள் அதற்கு முன்பே இருந்தன. 1819–20 குளிர்காலத்தை ஆர்க்டிக்கின் மெல்வில் தீவில் கழித்த எட்வர்ட் பாரியின் கப்பல்களில் வெப்பநிலை எழுதினார்கள். 1853 முதல் 1855 வரை கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் தங்கிய எலைஷா கேனும் எழுதினார். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தன்னிடம் இருந்த கருவியால், தனக்குத் தெரிந்த முறையில் அளந்தார்கள். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை.

இதை மாற்றியவர் கார்ல் வைப்ரெக்ட், ஆஸ்திரிய-ஹங்கேரிய கடற்படை அதிகாரி. 1872-ல் யூலியஸ் பாயருடன் டெகெட்ஹாஃப் கப்பலில் வடக்கே போனார். கப்பல் பனியில் சிக்கி அதன் போக்கில் மிதந்தது. அப்படித்தான் ஃபிரான்ஸ் ஜோசப் நிலப்பகுதி கண்ணில் பட்டது. கடைசியில் கப்பலைக் கைவிட்டு, சறுக்குவண்டிகளையும் படகுகளையும் இழுத்துக்கொண்டு 1874-ல் உயிரோடு திரும்பினார்கள். புதிய நிலத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான், 1875-ல் கிராட்ஸ் நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில், இந்தப் போட்டியால் அறிவியலுக்குப் பெரிய லாபமில்லை என்று அவர் சொன்னார். ஒரு கப்பல் தனியாகப் போய் ஓராண்டு அளந்துவிட்டு வந்தால் அது அந்த ஓரிடத்தின் கதை மட்டும்தான். துருவத்தைச் சுற்றிப் பல நிலையங்கள் வேண்டும், ஒரே வகைக் கருவிகள் வேண்டும், எல்லாரும் ஒரே கால அட்டவணைப்படி அளக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும் என்பது அவர் வாதம். தனக்குப் புகழ் தேடித் தந்த வழியையே தவறு என்று மேடையில் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! துருவ வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர்களில் அவர் ஒருவர். திட்டம் நிறைவேறியதை அவர் பார்க்கவில்லை. 1881-ல் காசநோயால் இறந்துபோனார்.

முதல் சர்வதேச துருவ ஆண்டில் என்ன நடந்தது?

1882 ஆகஸ்ட் முதல் 1883 ஆகஸ்ட் வரை 11 நாடுகள் சேர்ந்து வைப்ரெக்ட்டின் யோசனையைச் செயலாக்கின. ஆர்க்டிக் பக்கம் 12 பயணக் குழுக்கள், தெற்கே 2. அமெரிக்கர்கள் அலாஸ்காவின் பாயின்ட் பேரோவிலும் எல்ஸ்மியர் தீவின் ஃபோர்ட் காங்கரிலும், ரஷ்யர்கள் லீனா ஆற்றுக் கழிமுகத்திலும் நோவயா செம்லியாவிலும், ஆஸ்திரியர்கள் யான் மாயன் தீவிலும், ஸ்வீடன்காரர்கள் ஸ்பிட்ஸ்பெர்கனிலும் உட்கார்ந்தார்கள். தெற்கே ஜெர்மானியர்கள் சவுத் ஜார்ஜியாவிலும் பிரெஞ்சுக்காரர்கள் ஹார்ன் முனை அருகிலும் இருந்தார்கள். டச்சுக் குழுவின் கப்பல் காரா கடலில் பனியில் சிக்கிக்கொண்டது. அவர்கள் அங்கேயே அளவீட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

மணிக்கு ஒரு தடவை அளவீடு. வானிலையோடு பூமியின் காந்தப்புலமும் துருவ ஒளியும் சேர்த்து.

ஃபோர்ட் காங்கர் குழு பட்டினியில் இறந்தது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 1881 ஆகஸ்டில் அடால்ஃபஸ் கிரீலி தலைமையில் 25 பேரை, வடக்கே 81 டிகிரி அட்சரேகையைத் தாண்டிய லேடி ஃபிராங்க்ளின் விரிகுடாவில் (ஃபோர்ட் காங்கர் இங்கேதான்) புரோட்டியஸ் கப்பல் இறக்கிவிட்டது. கிரீலி அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவு அதிகாரி. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் வானிலைச் சேவையை நடத்தியது அந்தப் பிரிவுதான். அதனால் இந்தப் பயணத்தின் அடிப்படை வேலையே அளவீடு.

1882-ல் வரவேண்டிய உணவுக் கப்பல் பனியைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போனது. 1883-ல் வந்த புரோட்டியஸ் பனியில் நசுங்கி மூழ்கியது. முன்பே போட்ட ஏற்பாட்டின்படி கிரீலி குழு அந்த ஆகஸ்டில் நிலையத்தை விட்டுப் படகில் தெற்கே கிளம்பியது. சேபின் முனை அருகே கரையேறியபோது அங்கே அவர்களுக்கு இருந்த உணவு சில வாரங்களுக்குத்தான் போதும். அதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். காலணித் தோலையும், பாறையில் வளரும் பாசியையும் தின்றார்கள். குழுவுக்கு வேட்டையாடித் தந்த இரண்டு கிரீன்லாந்துக்காரர்களும் அந்த ஏப்ரலில் இறந்தார்கள். அவர்களில் ஜென்ஸ், கடல்நாய் வேட்டைக்குத் தோல் படகில் போனபோது மூழ்கிப்போனார். வானிலை அளவீட்டாளர் சார்ஜென்ட் ஜூவெல் அதே ஏப்ரலில் போனார், வானியலாளர் எட்வர்ட் இஸ்ரேல் மே மாதக் கடைசியில் போனார். 1884 ஜூன் 22 அன்று மீட்புக் கப்பல்கள் வந்தபோது 7 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருவர் திரும்பும் வழியில் இறந்தார்.

இந்தக் கதையை, இறந்தவர்களின் உடலைத் தின்றார்கள் என்ற நரமாமிசப் பேச்சோடு முடித்துவிடுவது பலருடைய வழக்கம். நான் பார்ப்பது வேறு. படகில் இடமே இல்லாத நிலையிலும் அவர்கள் பதிவேடுகளை விடவில்லை. ஈர்ப்பு விசையை அளக்கக் கொண்டுபோன கனமான ஊசல் கருவியையும் விடவில்லை. அதைப் போட்டுவிட்டுச் சுமையைக் குறைக்கலாமே என்று கேட்டபோது அதைப் போடக் கூடாது என்று ஆட்களே மறுத்தார்கள். சேபின் முனையில் சாவுக்கு நடுவிலும், ஏறக்குறைய கடைசி நாட்கள் வரை, காற்றழுத்தமும் வெப்பநிலையும் எழுதப்பட்டன. ஃபோர்ட் காங்கரின் இரண்டாண்டுப் பதிவு முழுசாக ஊர் வந்து சேர்ந்தது. கிரீலி பிறகு 1887-ல் சிக்னல் பிரிவின் தலைவராகி, அமெரிக்க வானிலைச் சேவையையே நடத்தினார்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை, என்னென்ன அளந்தார்கள்?

குழுவுக்குக் குழு மாறும். துருவ ஆண்டு நிலையங்களில் மணிக்கு ஒரு தடவை. 1898–99-ல் அண்டார்க்டிகப் பனியில் ஓராண்டுக்கு மேல் சிக்கிக் கிடந்த பெல்ஜிகா கப்பலிலும் ஹென்ரிக் ஆர்க்டோவ்ஸ்கி குழு மணிக்கு மணி எழுதியது. அண்டார்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே ஓர் ஆண்டு முழுக்க எடுத்த முதல் பதிவு அதுதான். ஆர்க்டிக் பனியோடு மிதந்த நார்வேக்காரர் நான்சனின் ஃப்ராம் கப்பலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

காற்றழுத்தம், வெப்பநிலை, அன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம், காற்றின் திசையும் வேகமும், மேகத்தின் வகை, வானத்தில் எத்தனை பங்கு மேகம் என்பவை வழக்கமான பட்டியல். ஈரப்பதம் பெரிய தலைவலி. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. அதைவிடப் பெரிய தலைவலி பனிப்பொழிவு. காற்று அடிக்கும்போது வானத்திலிருந்து விழும் பனி எது, தரையிலிருந்து கிளம்பிவரும் பனி எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் அந்தக் காலத்துப் பதிவுகளில் பனிப்பொழிவு அளவை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாதரசம் உறைந்துவிடுமே, எப்படி அளந்தார்கள்?

மைனஸ் 38.8 டிகிரி செல்சியஸில் பாதரசம் உறையும். அதற்குக் கீழே ஆல்கஹால் போன்ற திரவம் நிரப்பிய வெப்பமானிதான் கதி. ஆனால் ஆல்கஹால் வெப்பமானி நம்பகமானது இல்லை. திரவம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், திரவத்தின் தூய்மை மாறினால் அளவும் மாறும். கேனிடம் இருந்த ஆல்கஹால் வெப்பமானிகள் கடுங்குளிரில் ஒன்றுக்கொன்று பல டிகிரி வேறுபட்டுக் காட்டின.

இதற்கு அழகான ஒரு வழி வைத்திருந்தார்கள். பாதரசம் உறையும் வெப்பநிலை மாறாது. ஆகவே பாதரசம் உறையும் தருணத்தில் ஆல்கஹால் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்தால் அதன் பிழை தெரிந்துவிடும். கருவியைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தபோது, குளிரே அவர்களுக்கு அளவுகோல் கொடுத்தது.

வெப்பமானியைச் சும்மா வெளியில் தொங்கவிடவும் முடியாது. வெயில் பட்டால் அதிகம் காட்டும். அதனால் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த, வெள்ளைப் பூச்சுப் பூசிய ஸ்டீவன்சன் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரே ஒரு பனிப்புயல் போதும், பெட்டி முழுக்க மாவு போலப் பனித்தூள் அடைத்துக்கொள்ளும். அதைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். வாசிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், விளக்கைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, வெறும் கையால் உலோகத்தைத் தொடக் கூடாது. தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். சறுக்குவண்டிப் பயணத்தில் பெட்டிக்கு இடமில்லை. வெப்பமானியைக் கயிற்றில் கட்டிச் சுழற்றி, நின்றதும் சட்டென்று வாசிப்பார்கள்.

காற்றின் வேகத்தை எப்படி அளந்தார்கள்? மணிக்கு 100 கிலோமீட்டர் என்பதெல்லாம் நம்பலாமா?

பெரும்பாலும் நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் சுழலும் ராபின்சன் காற்றுவேகமானி. இதில் புகழ்பெற்ற இடம் டக்ளஸ் மாசனின் ஆஸ்திரேலியக் குழு 1912, 1913 ஆண்டுகளில் தங்கிய, அண்டார்க்டிகக் கரையின் டெனிசன் முனை. அங்கே வானிலைப் பொறுப்பு செசில் மேடிகனுடையது. 1912 மே மாதம் முழுவதற்குமான சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 98 கிலோமீட்டர் என்று பதிவானது. மே 15 அன்று 24 மணி நேரச் சராசரியே மணிக்கு சுமார் 145 கிலோமீட்டர். இது ஒரு வீச்சின் வேகம் அல்ல, ஒரு முழு நாளின் சராசரி! இதை ஊரில் யாரும் நம்பவில்லை.

காரணம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. உள்நாட்டுப் பனிமேட்டில் காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் பாய்கிறது. டெனிசன் முனை அப்படிப்பட்ட பாய்ச்சலின் வாயிலிலேயே இருக்கிறது. குழு தங்க இடம் தேடியபோது வானம் அமைதியாக இருந்ததால் அங்கே வீடு கட்டிவிட்டார்கள். பிறகு மேடிகனும் துணைக்குப் போனவர்களும் தினமும் அந்தக் காற்றில் குனிந்தும் தவழ்ந்தும் கருவிக்குப் போய்ப் பதிவுத்தாளை மாற்றினார்கள்.

ஆனால் ஒரு திருத்தம் தேவை. கிண்ணங்கள் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுழலும் என்று ராபின்சன் 1846-ல் கணக்குப் போட்டிருந்தார். கிண்ணம் எந்த அளவில் இருந்தாலும் இது பொருந்தும் என்றும் நம்பினார். அந்த மூன்று என்ற பெருக்கம் அதிகம் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. ஆகவே ராபின்சன் கணக்கை அப்படியே பயன்படுத்திய பழைய பதிவுகளில் காற்றின் வேகம் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். திருத்திய பிறகும் டெனிசன் முனையின் ஆண்டுச் சராசரி மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. கடல்மட்டத்தில் இவ்வளவு காற்றடிக்கும் வேறு இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஸ்காட்டின் கடைசிப் பயணத்தில் வானிலையைப் பார்த்தது யார்? இந்தியாவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, நேரடித் தொடர்பே உண்டு. டெர்ரா நோவா பயணத்தின் (1910–13) வானிலையாளர் ஜார்ஜ் சிம்சன், இந்திய வானிலைத் துறையின் அதிகாரி. சிம்லாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் ஸ்காட் அழைத்துக்கொண்டார். அப்போது துறையின் தலைவர், பருவமழைக் கணிப்பில் பெயர் பெற்ற கில்பர்ட் வாக்கர்.

அண்டார்க்டிகாவில் ஸ்காட் குழு தங்கிய எவன்ஸ் முனைக் குடிலின் ஒரு மூலையைச் சிம்சன் முழு ஆய்வுக்கூடமாகவே ஆக்கிவிட்டார். கூரைக்கு மேல் நீட்டிய குழாய் வழியாகக் காற்றின் அழுத்தம் உள்ளே வந்து, வீச்சு வீச்சாகத் தாளில் கோடு போட்டது. வெளியே மேட்டில் வெப்பமானிப் பெட்டியும் திசைகாட்டியும். அதற்கு முந்தைய பயணங்களில் வானிலை பெரும்பாலும் ஒரு கடற்படை அதிகாரியின் கூடுதல் வேலை. ஸ்காட்டின் டிஸ்கவரி பயணத்தில் (1901–04) சார்ல்ஸ் ராய்ட்ஸ் அப்படித்தான் செய்தார், பொறுப்பாகவும் செய்தார். பயிற்சி பெற்ற வானிலையாளர் ஒருவர் இருந்தால் என்ன வேறுபாடு என்பதைச் சிம்சன் காட்டினார்.

1912 மார்ச்சில் இந்தியாவில் அவரைத் திரும்பக் கூப்பிட்டதால் கிளம்பிவிட்டார். கனடாவைச் சேர்ந்த இயற்பியலாளர் சார்ல்ஸ் ரைட் பதிவைத் தொடர்ந்தார். சிம்சன் இந்தியாவுக்கு வந்து அத்தனை எண்களையும் கணக்கிட்டு எழுதிய அண்டார்க்டிக வானிலை நூல், 1919-ல் கல்கத்தாவில் அச்சாகி வெளிவந்தது. அண்டார்க்டிகக் குளிரைப் பற்றிய அந்தக் காலத்தின் ஆழமான ஆய்வு நம் நாட்டு அச்சகத்தில் உருவானது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1920-ல் சிம்சன் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் இயக்குநரானார்.

சிம்சன் பலூன் விட்டாராமே?

ஆமாம். தரையில் அளந்தால் தரைக் குளிர்தான் தெரியும், மேலே என்ன என்று தெரிய வேண்டாமா? ஹைட்ரஜன் நிரப்பிய சிறிய பலூனில், அழுத்தத்தையும் வெப்பத்தையும் சிறு உலோகத் தகட்டில் கீறிப் பதியும் டைன்ஸ் கருவியைக் கட்டி விட்டார். கருவி திரும்பக் கிடைத்தால்தான் பயன். அதற்காக மெதுவாக எரியும் திரி ஒன்றை வைத்தார். திரி எரிந்து முடிந்ததும் கருவி கழன்று விழும். கருவியோடு பல கிலோமீட்டர் நீளப் பட்டுநூலும் கட்டியிருக்கும். விழுந்த பிறகு பனியில் கிடக்கும் நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கருவியை எடுத்துவர வேண்டும். நூல் அறுந்தால் போச்சு, பல தடவை அறுந்தும் போனது. தேடிப் போவதில் குழுவிலிருந்த ஹென்றி பவர்ஸுக்குத் தனி உற்சாகம்.

இதில் கிடைத்த பலன் பெரிது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ந்தது, மேலே போகப் போக முதலில் வெப்பம் கூடுகிறது. பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து தன்னை ஒட்டிய காற்றைக் குளிர்விக்கிறது. பனிப்புயல் வந்ததும் வெப்பநிலை ஏன் சட்டென்று உயர்கிறது என்ற புதிருக்கும் இதில் விடை இருந்தது. காற்று அடுக்குகளைக் கலக்கிவிடுகிறது, மேலே இருந்த வெப்பம் கீழே வருகிறது.

நடைப் பயணத்திலும் அளந்தார்களா?

அளந்தார்கள், அதில் பவர்ஸுக்கு நிகர் யாருமில்லை. 1911 ஜூன் கடைசியில் எட்வர்ட் வில்சன், ஆப்ஸ்லி செர்ரி-காரார்ட், பவர்ஸ் மூவரும் பெங்குவின் முட்டைக்காக நடுக்குளிர்கால இருட்டில் க்ரோசியர் முனைக்குப் போனார்கள். ஜூலை 6 அன்று பவர்ஸ் பதிந்தது மைனஸ் 60.8 டிகிரி. குறிப்பேட்டின் மேல் குனிந்தால் மூச்சு பட்டுத் தாளில் பனிப்படலம் படியும், பென்சில் எழுதாது. அப்படியும் அவர் ஒரு பதிவைத் தவற விடுவதில்லை. மற்ற இருவரும் தூங்கும் பையில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது இவர் வெப்பமானியைச் சுழற்றிக்கொண்டு வெளியே நிற்பார்.

அமுண்ட்சென் அறிவியலைக் கண்டுகொள்ளவில்லை என்பது சரியா?

முழுக்கச் சரியில்லை. அவருடைய முதல் நோக்கம் துருவம், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அண்டார்க்டிகாவில் அவர் அமைத்த ஃப்ராம்ஹைம் முகாமில் நாளுக்கு மூன்று தடவை வானிலை பார்த்தார்கள். 1911 ஆகஸ்டில் மைனஸ் 59 டிகிரி வரை இறங்கியது. செப்டம்பர் 8 அன்று அவசரப்பட்டுக் கிளம்பி, மைனஸ் 56-ல் திசைகாட்டிக்குள் இருந்த திரவமே உறைந்து, திரும்பி வந்தார்கள். அந்த எண்களைப் பிறகு நார்வேயின் மூத்த வானிலையாளர் ஹென்ரிக் மோன் ஆராய்ந்தார். எவன்ஸ் முனைக்கு 600 கிலோமீட்டருக்கும் அப்பால், அதே குளிர்காலத்தில் எடுத்த பதிவு என்பதால் சிம்சனுக்கும் அது ஒப்பிட உதவியது. போட்டியாளர்களின் எண்கள் இப்படி ஒரே அட்டவணையில் சேர்ந்துகொண்டன.

மோனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைபீரியாவுக்கு வடக்கே 1881-ல் நசுங்கிய ஜெனட் கப்பலின் பொருட்கள் மூன்றாண்டு கழித்துக் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் பனி துருவப் பகுதியைக் கடந்து மிதந்து வருகிறது என்று 1884-ல் பத்திரிகையில் எழுதியவர் அவர்தான். அதைப் படித்துத்தான் ஃபிரிட்யோஃப் நான்சன், ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார், கப்பல் மூன்றாண்டு (1893–96) மிதந்தது. பனி காற்றின் திசையிலேயே போகாமல், 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போவதை அங்கே கவனித்தார். ஸ்வீடன் கடலியலாளர் வாக்ன் எக்மன் அதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். இன்று கடலியல் படிக்கும் மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் அது ஒன்று.

ஸ்காட் குழு இறந்ததற்கு வானிலைதான் காரணமா?

ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். உணவு, எரிபொருள் கசிவு, குதிரைகளை நம்பியது, ஆட்களைத் தாங்களே வண்டி இழுக்க வைத்தது என்று பல உண்டு. ஆனால் வானிலை சாக்குப்போக்கு மட்டும்தான் என்று சொல்வதையும் ஏற்க முடியாது.

துருவத்திலிருந்து திரும்பும் வழியில், 1912 பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை பனிச்சமவெளியில் அவர்கள் சந்தித்த குளிர், எதிர்பார்த்ததைவிட மிகக் கடுமையானது. அந்தக் குளிரில் பனி மணல் போலாகிவிடும், வண்டி வழுக்காது. வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று சிம்சன் 1923-ல் ஆக்ஸ்ஃபோர்டு உரையில் வாதிட்டார். தானியங்கி நிலையங்கள் வந்த பிறகு, வளிமண்டல விஞ்ஞானிகள் சூசன் சாலமனும் சார்ல்ஸ் ஸ்டெர்ன்ஸும் 1999-ல் அதே பாதையின் நவீன அளவீடுகளோடு ஒப்பிட்டு, அந்த மார்ச் உண்மையிலேயே அசாதாரணமானது என்று காட்டினார்கள். அதேசமயம், ஸ்காட் எழுதிய கடைசிப் பனிப்புயல் அத்தனை நாள் இடைவிடாமல் அடித்திருக்குமா என்ற கேள்வியைச் சாலமன் எழுப்பினார். அங்கே புயல்கள் பொதுவாக அவ்வளவு நாள் நீடிப்பதில்லை.

இந்த விவாதமே சாத்தியமானது, சாகப்போகும் பயணத்திலும் அவர்கள் எண்களை எழுதி வைத்ததால்தான்.

அந்தக் காலத்தில் தொடங்கிய நிலையம் ஏதாவது இன்னும் இயங்குகிறதா?

இயங்குகிறது. சவுத் ஆர்க்னி தீவுகளில் லாரி தீவிலுள்ள ஓர்காடாஸ் நிலையம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸ் 1903-ல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டி, ராபர்ட் மாஸ்மனை வைத்துப் பதிவைத் தொடங்கினார். பிரிட்டிஷ் அரசு அதைத் தொடர்ந்து நடத்த ஆர்வம் காட்டவில்லை. அர்ஜென்டினா ஏற்றுக்கொண்டது. 1904 பிப்ரவரி 22 அன்று நிலையம் கைமாறியது. மாஸ்மனும் சமையல்காரர் ஸ்மித்தும், ப்யூனஸ் அயர்ஸிலிருந்து வந்த மூன்று பேரும் அடுத்த குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஆள் மாறி ஆள் அளக்கிறார்கள். அண்டார்க்டிகப் பகுதியின் மிக நீண்ட தொடர்பதிவு அதுதான். அந்தப் பகுதி வெப்பமாகி வருவதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலான எண்களோடு சொல்ல முடிவது இதனால்தான்.

புரூஸ் துருவத்தை நோக்கி ஓடவில்லை, அதனால் பிரிட்டனில் அவருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

நூறாண்டுப் பழைய எண்களால் இன்று என்ன பயன்?

கடந்த கால வானிலையைக் கணினியில் மறுபடி உருவாக்கும் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் 20-ஆம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வு என்ற திட்டம், தரைமட்டக் காற்றழுத்தப் பதிவுகளை அடிப்படையாக வைத்து உலகம் முழுவதற்குமான வானிலையைக் கணக்கிடுகிறது. தென்கோளத்தின் அந்த மூலையில் 1911-ல் அழுத்தம் என்ன என்று சொல்ல விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் உண்டு. எவன்ஸ் முனை, ஃப்ராம்ஹைம் பதிவுகள் இல்லாவிட்டால் அங்கே கணினிக்குப் பிடிமானமே இருக்காது. ஆர்க்டிக் கப்பல்களின் குறிப்பேடுகளை ஓல்டு வெதர் என்ற திட்டத்தில் பொதுமக்களே படித்துத் தட்டச்சு செய்தார்கள். ஜெனட்டின் குறிப்பேடும் அதில் உண்டு.

இந்தப் பழைய பதிவுகளை நானே எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

துருவ ஆண்டு அறிக்கைகளும் சிம்சனின் நூலும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிவுகளில் வெப்பநிலை பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில், அழுத்தம் அங்குலத்தில் இருக்கும். மற்ற ஐரோப்பியர்கள் செல்சியஸும் மில்லிமீட்டரும் பயன்படுத்தினார்கள். நேரம் உள்ளூர் நேரமா, கிரீன்விச் நேரமா என்று முன்னுரையில் தேடுங்கள். காற்றின் திசையில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத்தில் தென் காந்தத் துருவம், எவன்ஸ் முனை இருக்கும் ராஸ் தீவுக்கு வடமேற்கே இருந்தது. அதனால் அங்கே காந்த ஊசியின் தென்முனை வடமேற்குப் பக்கம் திரும்பி நிற்கும். ஒரு பதிவில் திசை காந்தத் திசையா, உண்மைத் திசையா என்று உறுதி செய்யாமல் எடுத்தால், தென்காற்றை வடகாற்று என்று படித்துவிட நேரும்.